ஊரை விட்டு வராத காசு

மகளின் காதலனுடைய தகப்பன் வீடியோ அழைப்பில் ஒரு காசுத்தாளைத் தூக்கிக் காட்டினார். வந்த வினை எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மகள் அப்போது பூட்டானில் இருந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்து, பொறியியல் படித்து, மலையாறுகளை அளக்கிற வேலை ஒன்றுக்கு ஆறு மாதம் என்று சொல்லித் திம்புவுக்குப் போனவள். ஆறு மாதம் முடிந்தும் வரவில்லை. பனி இன்னும் உருகவில்லை என்று கொஞ்சநாள் காரணம் சொன்னாள். பிறகு அந்தக் காரணத்துக்கு ஒரு பெயர் இருப்பதும், பெயருக்குத் தாய்தகப்பன் இருப்பதும் தெரியவந்தது.

அந்தத் தாய்தகப்பனோடு நாங்கள் முதன்முதலாகப் பேசிய நாள் அது. பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்குப் பகிடி வரும். அதுவும் ஒருவகை வயிற்றோட்டம்தான், வாய் வழியாக வருவதால் யாரும் மருந்து தருவதில்லை. என் பிள்ளையைத் திருப்பி அனுப்புவீர்களா என்று கேட்கத்தான் நான் வாயைத் திறந்தேன். திறந்தபிறகு துணிவு போய்விட்டது. "உங்கள் நாட்டில் என்ன காசு?" என்று கேட்டுவிட்டேன்.

மனிதர் மகிழ்ச்சியோடு எழுந்து உள்ளே போனார். துணிப்பை ஒன்றிலிருந்து புதுத்தாள் ஒன்றை எடுத்து வந்து இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். தாளில் அவர்களுடைய அரசரின் முகம். இளமையான, அழகான முகம்.

"ஆள் நல்ல வடிவு. படங்களிலும் நடிக்கிறவரோ?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே மனைவி என் தொடையில் கிள்ளினாள். மனிதர் தாளை அதே இரண்டு கைகளால் பைக்குள் வைத்துவிட்டு வந்து அமர்ந்து, லண்டனில் இப்போது மழையா என்று விசாரித்தார். மழைதான் என்றேன். அதோடு அழைப்பு முடிந்தது.

மகள் பல நாட்கள் என்னோடு பேசவில்லை. ஒருநாள் பேசினாள்.

"அப்பா, அவங்க இன்னும் உங்களை வரச்சொல்லீனம். ஏன் எண்டு எனக்கே தெரியேல்லை. ப்ளீஸ், வாங்கோ. ஆனா நோ ஜோக்ஸ். ஒண்டும் வேண்டாம்."

"ஒண்டுகூடவோ?"

"பாத்தீங்களா, இதுதான்." பெருமூச்சு விட்டாள். "காசைப் பற்றி யோசிக்காதீங்கோ. அங்க எல்லாத்தையும் இவங்களே பாத்துக்கொள்ளுவினம்."

பகிடி விடாதே என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்தக் கடைசி வசனம் என்னை உலுக்கிவிட்டது. பெண்ணைப் பெற்றவன் நான். ஏற்கெனவே அவர்களுடைய அரசரைப் பற்றி வாய்விட்டவன். இனிப் போய் அவர்கள் வீட்டுச் செலவில் தேத்தண்ணி குடித்து, அவர்கள் காசில் கார் ஏறி, கையை ஆட்டிக்கொண்டு நிற்பதா? அந்த ஊரில் இறங்கிய கணத்திலிருந்து என் தேத்தண்ணிக்கு நானே காசு கொடுக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். மகளின் எதிர்காலமே அந்த ஒரு கோப்பையில்தான் தங்கியிருக்கிறது என்று என் தலைக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தக் காசுக்குப் பெயர் ஙுல்ட்ரம். பாலர் வகுப்பில் க சொல்லி ங சொல்லும்போது, இந்த எழுத்தை வைத்து மனிதர் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறேன். ஐம்பது வயது தாண்டியபிறகு அதற்கு ஒரு வேலை கிடைத்தது. கிடைத்ததும் அது எனக்கு வேலை வைத்தது.

சனிக்கிழமை ட்ராம் ஏறிக் குரோய்டனுக்குப் போனேன். முதலாவது நாணயமாற்றுக் கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். இரண்டாவதில் இருந்தவன் தட்டாமலே இல்லை என்றான். மூன்றாவது இடத்தில், அப்படியொரு நாடு இருப்பது நிச்சயமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள். என் மகள் அங்கேதான் இருக்கிறாள் என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. கவுண்டர்க்காரிக்கும் தெரியவில்லை.

வெளியே வந்து நின்ற இடத்திலிருந்து பார்த்தால், குடிவரவு அலுவலகம் இருக்கிற பெரிய அரசாங்கக் கட்டிடத்தின் ஒரு பக்கம் தெரிந்தது. இளவட்டமாக இந்த நாட்டுக்கு வந்து, அகதி விண்ணப்பத்தோடு அதன் வாசல் வரிசையில் நின்றவன் நான். காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் இலங்கை ரூபாய்த் தாள்களை மடித்து வைத்திருந்தேன். ஊரில் அந்தக் காசுக்கு ஒரு குடும்பம் பல நாள் சாப்பிடும். பசி தாங்காமல் தெருமுனைக் கடையில் ஒரு தாளை நீட்டினேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, படம் வடிவாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துத் திருப்பித் தந்தார். நல்ல மனிதர், மனதைப் புண்படுத்த நினைத்தவரில்லை. ஆனாலும் அந்தத் தாளைத் திரும்பச் சப்பாத்துக்குள் வைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

பூட்டான்காரருக்கு நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வசனம்தான் என்பது, ட்ராம் வரக் காத்திருந்தபோது உறைத்தது. அதற்குப்பிறகு பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

எங்கள் தெருவில் மலேசியத் தமிழர் ஒருவர் இருக்கிறார். படிக்க வந்து, காப்புறுதி நிறுவனமொன்றில் கணக்காய்வாளராகித் தங்கிவிட்டவர். மனைவி பிள்ளைகளோடு பூட்டானுக்குச் சுற்றுலா போய் வந்தவர். அவர் வீட்டு முன்னறையில் போய் விழுந்தேன்.

"அண்ணே, பயப்படாதீங்க லா," என்றார். "ஒரு ஙுல்ட்ரம்னா ஒரு இந்திய ரூபா. ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி. அது ஏறினா இதுவும் ஏறும், அது இறங்கினா இதுவும் இறங்கும்."

"அப்ப இந்திய ரூபாய் கொண்டுபோகலாமே."

"கடையில வாங்குவாங்கதான். ஆனா நீங்க பேங்காக் வழியா போறீங்க. இந்திய ரூபாய இங்க எங்க தேடப் போறீங்க? பேசாம பவுண்டு எடுத்துட்டுப் போங்க. ஏர்போர்ட்லயே பேங்க் கவுண்டர் இருக்கு, மாத்திக் குடுப்பாங்க. டாலரும் வாங்குவாங்க, பெரிய நோட்டா இருந்தா ரேட்டு கொஞ்சம் நல்லா கிடைக்கும். ஆனா டாலர்னா சுத்தமா இருக்கணும். கிழிசல், பேனாக் கிறுக்கல், கறை ஒண்ணு இருந்தாலும் தொட மாட்டாங்க."

இவ்வளவு நீளமாகச் சொன்னாரே, என் மண்டைக்குள் போனது டொலர், பெரிய தாள், கறை என்ற மூன்றும்தான். பதறுகிறவன் காது அப்படித்தான். எளிதான வழியை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, கஷ்டமானதைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தும்.

"வரும்போது மீதியை அங்கயே மாத்திடணும்," என்றார். "அந்தக் காசு ஊரை விட்டு வராது அண்ணே. வெளிய வந்தா வெறும் பேப்பர்தான்."

"அங்கை போனது அங்கைதான் எண்டுறீர்."

கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். "நான் காசைச் சொல்றேன், அண்ணே."

"நானும் காசைத்தான் சொல்லுறன், தம்பி."

அவர் தேநீரை என் பக்கம் தள்ளி வைத்தார். "இன்னொண்ணு. எச்சில் தொட்டு நோட்டு எண்ணாதீங்க, அதுல ராஜா முகம் இருக்கு. பர்ஸைப் பின்பக்கம் வச்சு அது மேல உக்காராதீங்க."

நான் அப்போது இந்த நாட்டு அரசரின் மேல் உட்கார்ந்திருந்தேன். மெதுவாக எழுந்து பர்ஸை உருவி முன்பக்கம் வைத்தேன்.

அடுத்த வாரமே நூறு டொலர்த் தாள்கள் பத்து வாங்கினேன். ஒரு தாளின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருப்பதாக எனக்குத் தோன்றியது. மாற்றித் தரச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அது என் மூக்குக்கண்ணாடியில் உள்ள கோடு என்றார். ஆனாலும் மாற்றித் தந்தார்.

வீட்டில் அவற்றை எங்கே வைப்பது? மடிக்கக்கூடாது, ஈரம் படக்கூடாது, வேறொன்றும் அவற்றின் மேல் உரசக்கூடாது. கடைசியில் எங்கள் கலியாண ஆல்பத்தைத் திறந்து, படங்களுக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறைகளுக்குள் ஒவ்வொரு தாளாகச் செருகினேன். தாலி கட்டுகிற படத்துக்கு மேலே ஒன்று, அறுகரிசி தூவி வாழ்த்துகிற மாமாவுக்கு மேலே ஒன்று. வேலையால் வந்ததும் ஆல்பத்தைத் திறந்து பார்ப்பேன். முப்பது வருஷத்தில் நான் அந்த ஆல்பத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. மனைவி முதல்நாள் தவறாகப் புரிந்துகொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தாள். விஷயம் விளங்கியதும் எழுந்து போய்விட்டாள்.

எச்சில் தொடாமல் எண்ணுவதற்கு, சமையலறை மேசையில் சீட்டுக்கட்டு வைத்துப் பயிற்சி எடுத்தேன். விரல் என்னை மீறி நாக்கைத் தேடிப் போகும். மனைவி வெங்காயம் வெட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ. இந்தக் காசுக்குக் காட்டிற மரியாதையை அண்டைக்கு அந்த மனிசனுக்குக் காட்டியிருக்கலாம்."

"அண்டைக்கு எனக்குப் பதட்டம்."

"இண்டைக்கு?"

நான் சீட்டை எண்ணினேன். அவள் அலுங்காமல் நலுங்காமல் பெட்டி அடுக்கினாள், தூள் வறுத்தாள், மகளுக்குப் பயற்றம் பணியாரம் செய்தாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. இந்த மனுஷிக்குப் பயமே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலை விமானம். ஞாயிறு பின்னேரம் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், காசைப் பயணப்பைக்கு மாற்றலாம் என்று ஆல்பத்தைத் திறந்தேன்.

தாலி கட்டுகிற படத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அறுகரிசி மாமா வெறுமனே நின்றார். பக்கங்களைப் புரட்டினேன். திரும்பப் புரட்டினேன். ஆல்பத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். யாரோ கலியாணத்துக்கு வராதவரின் வாழ்த்து அட்டை ஒன்று விழுந்தது. மெத்தையைத் தூக்கினேன். அடுக்கி முடித்த பெட்டிகள் இரண்டையும் பிரித்து, சேலைகளை ஒவ்வொன்றாக விரித்தேன். பயற்றம் பணியாரப் பேணியைக்கூடத் திறந்து பார்த்தேன். வியாழக்கிழமை வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைத் திருத்த வந்தவனின் முகம் நினைவுக்கு வந்தது. நல்ல பெடியன், தேத்தண்ணிக்கு நன்றி சொன்னவன். இப்போது அந்த நன்றியே சந்தேகமாக இருந்தது. கண்ணுக்குள் ஒரு காட்சி: பூட்டான் விமான நிலைய வாசலில் நான் வெறுங்கையோடு நிற்கிறேன், அந்த மனிதர் இரண்டு கையாலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டுகிறார், மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

மனைவிக்கு ரெலிபோன் அடித்தேன். அது சமையலறை மேசையில் அடித்தது. மலேசியத் தம்பிக்கு அடித்தேன்.

"வீடு உடைச்ச மாதிரி இருக்கா அண்ணே?"

"இல்லை. இப்ப இருக்கிறமாதிரிச் செய்தது நான்தான்."

"அப்ப போலீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி அண்ணியைக் கேளுங்க."

கதவு திறந்தது. மனைவி இரண்டு பைகளோடு உள்ளே வந்து, பிரித்துக் கிடந்த பெட்டிகளையும், கட்டிலில் பரவிக் கிடந்த சேலைகளையும், நடுவில் போனோடு நின்ற என்னையும் பார்த்தாள்.

"டொலரைக் காணேல்லை," என்றேன்.

"ஓம். நான்தான் எடுத்தனான்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கட்டில் ஓரத்தில் அமர்ந்தேன், சேலைகளின் மேல். "எங்கை வைச்சனீர்?"

எழுந்து வரச்சொல்லித் தலையசைத்தாள். எங்கள் வீட்டில் சாமிக்கு அறை இல்லை. சமையலறையில், கொதிகலனுக்குப் பக்கத்து அலுமாரியின் மேல்தட்டுத்தான் சாமி இருக்கிற இடம். கதவைத் திறந்தாள். பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது. மஞ்சள் தண்ணியில் தோய்த்த துணி, இன்னும் ஈரம் காயவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பெரிய பயம் வந்தால், நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். மகள் பிறக்கமுன் ஒருமுறை, அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருமுறை, மனைவி முடிந்து வைத்தது எனக்குத் தெரியும். இரண்டு தடவையும் ஒரு பவுண் குத்தி, ஒற்றைப் பவுண்ட் நாணயம்.

"ஒரு குத்தியைப் போட்டு முடியிறதுதானே?" என்று கேட்டேன்.

"இந்த நாட்டு விஷயத்துக்கு இந்த நாட்டுக் குத்தி வைக்கலாம். இது அங்கத்தைய விஷயம். அங்கை செல்லுற காசை வைக்கவேண்டாமே? அவையின்ரை காசு லண்டனிலை கிடையாது, டொலர்தான் அங்கை ஓடும் எண்டு நாள்முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சது நீங்கள்."

"அதுக்கு எல்லாத்தையுமோ? ஒரு தாள் காணாதோ?"

"எங்களுக்கு ஒரு பிள்ளைதானே," என்றாள்.

நான் கையை நீட்டி முடிச்சைத் தொட்டேன். விரல் மஞ்சளாகியது. உள்ளே பத்துத் தாள்களும் சுருண்டு, ஈரம் குடித்துக்கொண்டிருந்தன. வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சளே போவதில்லை, இது எங்கே போகும். ஆனாலும் நடுவில் இருக்கிற ஒன்றிரண்டு தாள் தப்பியிருக்கலாம் என்று ஒரு ஆசை. முடிச்சின் நுனியைப் பிடித்தேன்.

"அவிட்டால் நேர்த்தி முறிஞ்சுபோம்," என்றாள். கத்தவில்லை. கையைப் பிடித்துத் தடுக்கவும் இல்லை. அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அப்போதுதான் கவனித்தேன், கதவு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய கை நடுக்கம் கதவில் தெரிந்தது.

நுனியை விட்டுவிட்டேன்.

"என்னத்துக்கு நேர்ந்தனீர்? அவள் திரும்பி வரவேணும் எண்டோ?"

"இல்லை."

"அங்கை நல்லாயிருக்கவேணும் எண்டோ?"

"அது அவள் இருப்பாள். கெட்டிக்காரி."

"பிறகு?"

"சொல்லக்கூடாது." பைகளிலிருந்து சாமான்களை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். எல்லாம் வைத்து முடித்தபிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "உங்கட வாய்க்கு."

"என்ன?"

"அந்த வீட்டிலை இருக்கிற நாள் முழுக்க உங்கட வாயாலை ஒரு பிழையும் வந்திடக்கூடாது எண்டு நேர்ந்தனான். உங்களை எனக்குத் தெரியும். பயந்தால் நீங்கள் பகிடி விடுவியள். அங்கை போய் நல்லாய்ப் பயப்பிடுவியள். அவளின்ரை கலியாணம் பிறகு எப்பிடி நடக்கிறது?" மூக்கை உறிஞ்சினாள். "இப்ப சொல்லிப்போட்டன். இனிச் சாமி பாதிதான் பொறுப்பு. மற்றப் பாதி நீங்கள்."

என் வாய்க்கு இதுவரை யாரும் விலை வைத்ததில்லை. ஆயிரம் டொலர் என்பது கொஞ்சம் கூடத்தான். அதையும் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எப்ப அவிழ்க்கிறது?"

"திரும்பி வந்து. நீங்கள் ஒழுங்காய் இருந்தால்."

மலேசியத் தம்பிக்குத் திரும்ப அடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பிறகு சொன்னார்:

"அண்ணே, நான் அன்னிக்கே சொன்னேன்ல. பவுண்டு எடுத்துட்டுப் போங்க. ஏர்போர்ட்ல மாத்துவாங்க."

"சொன்னனீரோ?"

"முதல்ல அதைத்தான் சொன்னேன் லா."

தெருமுனைக் காசு இயந்திரத்தில் போய்ப் பவுணாக எடுத்தேன். இரண்டு நிமிட வேலை. வந்து, பிரித்த பெட்டிகளை மனைவியோடு சேர்ந்து திரும்ப அடுக்கினேன். சேலை மடிக்க எனக்குத் தெரியாது என்பது அன்று மறுபடியும் நிரூபணமானது.

காலையில் ஹீத்ரோவுக்குப் போக மினிகப் வாடகைக்கார் வந்தது. பின் இருக்கையில் நானும் மனைவியும். அவள் மடியில் கைப்பை. வண்டிக்குள் மஞ்சள் வாசம். முடிச்சை வீட்டில் விட்டு வர அவளுக்கு மனமில்லை.

மகளிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, வெளிக்கிட்டாச்சா? ஒரு விஷயம். அவரோட டாட் உங்களிட்ட ஒண்டு கேக்கச் சொன்னவர்."

"என்னவாம்?"

"எந்தப் படம் எண்டு."

"என்ன எந்தப் படம்?"

"நீங்க அண்டைக்குக் கேட்டீங்கதானே, கிங் படத்தில நடிக்கிறவரோ எண்டு. நீங்க எந்தப் படத்தில பாத்தனீங்க எண்டு கேக்கிறார்."

கார் சிவப்பு விளக்கில் நின்றது. "சிரிச்சுக்கொண்டோ கேட்டவர்?"

"தெரியேல்லை அப்பா. அவர்ட முகத்தைப் பாத்து ஒருநாளும் சொல்ல ஏலாது. கோபமோ, ஜோக்கோ, ஐ ஹாவ் நோ ஐடியா."

உலகத்தின் அந்தக் கரையில், சிரிக்காமல் பகிடி விடுகிற ஒரு மனிதர் எனக்காகக் காத்திருக்கலாம். அல்லது அவமானப்பட்ட ஒரு மனிதர் காத்திருக்கலாம். இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். என் நாக்கு நுனியில் மூன்று பதில்கள் வந்து நின்றன. அதில் ஒன்று மிக நல்ல பதில், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மனைவி கைப்பையின் மேல் கையை வைத்தாள்.

"நேரிலை வந்து சொல்லுறன் எண்டு சொல்லு பிள்ளை," என்றேன்.

"ஜோக் இல்லைத்தானே?"

"இல்லை."

விளக்குப் பச்சையானது. ஹீத்ரோவில் இறங்கும்வரை மனைவி கைப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை.